பொலிஸ்காரருக்கும் உறக்கம் வேண்டும்

உளநலக் கிளினிக்குக்குச் சீருடையோடு யாரும் வருவதில்லை. சாதாரண உடுப்பில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, வரிசையின் கடைசியில் வந்து உட்காருவார்கள். தொழில் என்னவென்று தாதி கேட்டால் "அரசாங்க வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நெஞ்செரிவு, தலையிடி, இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, பிரஷர் ஏறிவிட்டது என்பவைதான் முதல் வருகையின் முறைப்பாடுகள். பேச்சு நீண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்த பிறகுதான் "டொக்டர், நான் பொலிஸில் இருக்கிறேன்" என்று சொல்வார்கள். தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில், திருகோணமலை நகரத்தில் கடமை செய்பவர் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுவதும் உண்டு. அங்கிருப்பவர் இங்கே வருவதும் உண்டு.

அவர்களுக்காகவும், அவர்களுடைய வீட்டாருக்காகவும், அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்து முறைப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும் நம் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். சொல்லப்படும் எவரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திருகோணமலையில் இருந்துகொண்டு பொலிஸாரின் மனவேதனையைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த நகரத்தின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் சந்தேகநபர்களாக நிறுத்தப்பட்டிருந்த, பொலிஸின் விசேட அதிரடிப்படையினர் உட்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் நின்று "பொலிஸாருக்கும் மனம் இருக்கிறது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். களைப்பும் மன அழுத்தமும் அதற்குச் சாட்டு ஆகாது. அடித்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். கணவனிடம் அடிவாங்கிய ஒரு பெண், உதடு வீங்கிய நிலையில், பொலிஸ் நிலையத்துக்குள் நுழைகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முதல் நாள் இரவு முழுக்கக் காவல் கடமை, காலையில் நீதிமன்றம், பின்னேரம் வீதிப் போக்குவரத்து என்று ஓடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவள் சொல்வது அவருடைய காதில் விழுகிறது, மனதில் ஏறவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக இருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். அவருடைய உறக்கத்தைப் பற்றி அக்கறைப்படுவது அவருக்குச் செய்யும் சலுகை என்று எப்படிச் சொல்வது? பாதிக்கப்பட்டது அவள்தானே.

உறக்கத்தைப் பற்றி மருத்துவம் தெளிவாகவே பேசுகிறது. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருக்கும் ஒருவரின் கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவருடைய அளவுக்குக் குறைந்துபோகும். 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.1 சதவீதத்துக்குச் சமம். சாரதி ஒருவரை நிறுத்தி ஊதவைத்தால் வழக்குப் பதியப்படும் நிலை அது. ஊதச் சொல்பவரே அந்த நிலையில்தான் நிற்கிறார் என்றால் அவருடைய தீர்மானங்களை எப்படி நம்புவது? அவருடைய இடுப்பில் துப்பாக்கி வேறு இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் அவர்களுக்கு ஓய்வான மாதம் என்று ஒன்று கிடையாது. கோணேஸ்வரத்தில் திருவிழா, நிலாவெளியில் உல்லாசப் பயணிகளின் காலம், மாரியில் மூதூர், கிண்ணியாப் பக்கம் வெள்ளம், இடையில் தேர்தல், பிரமுகர் வருகை. ஒவ்வொன்றும் வரும்போது விடுமுறைகள் இரத்தாகும். தூர மாவட்டத்தில் இருந்து இடமாற்றம் பெற்று வந்த சிங்களக் கான்ஸ்டபிள் ஒருவர், மகள் பிறந்து தவழத் தொடங்கியதை வீடியோவில்தான் கண்டதாகச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இருக்கவில்லை.

தமிழ் பேசும் உத்தியோகத்தர்களுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர்கள் ஓரிருவர்தான் என்றால், தமிழில் வருகிற எல்லாத் துயரமும் அவர்களிடம்தான் போய்ச் சேரும். திருட்டு, காணிச் சண்டை ஆகியவற்றோடு சிறுவர் துஷ்பிரயோகம், குடும்ப வன்முறை, தற்கொலை எல்லாமே. விடுமுறையில் இருந்தாலும் அழைப்பு வரும். "மேலதிகாரிக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், வா" என்பார்கள். ஒரு சார்ஜன்ட் இப்படிச் சொன்னார்: "டொக்டர், அந்தப் பிள்ளை சொல்வதை முதலில் தமிழில் கேட்கிறேன். பிறகு 'எனக்கு இப்படிச் செய்தார்' என்று அதன் வாயால் சொல்வதுபோலவே சிங்களத்தில் சொல்கிறேன். வீட்டுக்குப் போனால் என் மகளைத் தூக்கப் பயமாக இருக்கிறது."

மகளைத் தூக்கப் பயம் என்றதும் அவருடைய மனைவி வேறு விதமாக அர்த்தம் எடுத்துவிடுவாரோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. அதனால் அதை வீட்டில் சொல்லவே இல்லை. மற்றவர்களின் கொடுமைகளை நாள்தோறும் கேட்பவர்களுக்கு அந்தக் கொடுமையின் காயம் பரவும் என்பது உளமருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விடயம். நோய் உள்ளவர் கெட்டவர் என்று அதற்குப் பொருள் இல்லை. சிறுவர், மகளிர் பிரிவில் இருக்கும் பெண் உத்தியோகத்தர்களுக்கு இது இன்னும் கடுமை. "நீ பெண்தானே, நீ பேசு" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் அவர்களைத்தான் உட்காரவைக்கிறார்கள். இரவுக் கடமை முடித்துப் போனால் வீட்டில் அடுப்பும் அவர்களுக்காகத்தான் காத்திருக்கும்.

வீதி விபத்துகளைக் கையாண்ட ஒருவரைப் பற்றி. கந்தளாய் வீதியில் லொறியோடு மோதி இறந்துபோன ஒருவருடைய உடைமைகளைப் பட்டியல் போட்டது அவர்தான். தலைக்கவசம் ஒன்று, செருப்பு ஒன்று, கண்ணாடி வெடித்த தொலைபேசி ஒன்று, 400 கிராம் பால்மா பக்கற் ஒன்று, கடைச் சிட்டை ஒன்று. வைத்தியசாலையில் இறந்தவரின் மனைவிக்குப் பட்டியலை வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். அவள் அழவில்லை. பால்மா பக்கற்றை வாங்கி, மூலைகளை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உடையவில்லை, அண்ணா" என்றாள். அவர் "ஓம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

என்னிடம் அவர் வந்தது அதற்குப் பல மாதங்களின் பின். வந்ததும் அதற்காக அல்ல. கடைக்குப் போகச் சொன்னால் சண்டை பிடிக்கிறார், சாமான் எதுவும் வாங்கித் தருவதில்லை என்று மனைவி அழைத்து வந்திருந்தார். அவர் கடைக்குப் போகாததன் காரணம் பால்மா அடுக்கியிருக்கும் தட்டுதான். அது எங்கே இருக்கும் என்று ஊரிலுள்ள எல்லாக் கடைகளிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் போனால் கை குளிரும், மூச்சு முட்டும். இதைத்தான் மருத்துவத்தில் தவிர்த்தல் என்கிறோம். நடந்தது கேட்காமலே மனதுக்குள் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் ஒதுக்குவது, எப்போதும் ஆபத்து வரப்போகிறதுபோல உடல் விறைத்திருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் குழப்பினால், மனவடுப் பிந்திய நெருக்கீட்டு நோயா என்று பரிசோதிக்க வேண்டும். முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் பதறுவதும் அநேகமானவர்களுக்கு வரும், தானாகவே தணியும். எல்லாவற்றையும் நோய் என்று பயப்படத் தேவையில்லை.

அழுபவர்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. "எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை டொக்டர், பிணத்தைப் பார்த்தாலும் ஒன்றுதான், பிறந்தநாள் கேக் வெட்டினாலும் ஒன்றுதான்" என்று சொல்பவர்களைத்தான் கவனமாகப் பார்ப்பேன். தொடக்கத்தில் அந்த மரத்துப்போதல் ஒரு பாதுகாப்பு. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை, அதாவது ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை, கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போனபோது கிண்ணியாவே கதறியது. அப்படியான ஒரு நாளில் கடமையில் நிற்பவர் ஊரோடு சேர்ந்து அழ முடியாது. கூட்டத்தை விலக்க வேண்டும், அம்பியூலன்ஸுக்கு வழி எடுக்க வேண்டும், மக்களின் கோபத்துக்கு முகம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மனதை மூடிவைப்பது சரி. பிறகு திறக்க இடமும் நேரமும் கொடுக்கப்படாவிட்டால் அது மூடியபடியே இருந்துவிடும். முறைப்பாடு கொடுக்க வரும் பெண்ணிடமும், பரீட்சையில் முதலாவதாக வந்த மகனிடமும் அதே முகம்தான்.

வீட்டார் சொல்வதைக் கேட்டால் இது நன்றாக விளங்கும். உப்புவெளிப் பக்கத்து மனைவி ஒருவர், "இவர் எங்களோடு பேசுவதில்லை, விசாரிக்கிறார்" என்றார். ரியூஷனுக்குப் போன மகள் பத்து நிமிடம் பிந்தினால் எங்கே, யாரோடு, எந்த வீதியால் என்று கேள்விமேல் கேள்வி. சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். தட்டு ஒன்று கீழே விழுந்தால் வீடே நடுங்கும்படி கத்துவார். பிறகு வெட்கத்தில் இரண்டு நாள் பேசமாட்டார். உறக்கம் வருவதற்காக ஒரு கிளாஸ் என்று தொடங்கியது நாளடைவில் அரைப் போத்தலாகிவிடும். மது ஆளை விழுத்துமே தவிர உறங்கவைக்காது. ஆழ்ந்த உறக்கத்தைக் குலைத்து, விடியப்புறம் கெட்ட கனவோடு எழுப்பிவிடும். இதை விளக்கிச் சொன்னால் பலர் வியப்போடு கேட்கிறார்கள். இத்தனை வருடமும் அதை மருந்தென்றே நினைத்திருக்கிறார்கள்.

மேலதிகாரிகளிடம் எனக்குக் கேட்க இருப்பது பெரிய திட்டங்கள் அல்ல. 2021 டிசம்பர் 24ஆம் திகதி இரவு திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் துப்பாக்கியால் சுட்டதில் சக உத்தியோகத்தர்கள் நால்வர் இறந்தார்கள். விடுமுறை தொடர்பான மனக்கசப்பு பின்னணியில் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அவருடைய மனநிலையைப் பற்றித் தூரத்தில் இருந்து தீர்ப்புச் சொல்வது மருத்துவருக்கு அழகல்ல. ஆயினும் கிழக்கில் உள்ள ஒவ்வொரு பொறுப்பதிகாரியும் அந்த இரவை நினைத்துத் தன் கடமைப் பட்டியலை எடுத்துப் பார்க்கலாம். யார் கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்? இரவுக் கடமை முடித்தவரை மறுநாள் காலை வேறு வேலைக்கு அனுப்புகிறோமா? பிள்ளையின் சடலத்தைத் தூக்கியவரிடம் அந்த வாரத்தில் யாராவது "எப்படி இருக்கிறாய் தம்பி" என்று கேட்டார்களா?

கேட்பதோடு நின்றால் போதும். எல்லோரையும் ஓர் அறையில் இருத்தி, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லும்படி வற்புறுத்துவது உதவாது. சிலருக்கு அது தீங்காகவும் முடியும் என்பதால் உலக சுகாதார அமைப்பு அதைப் பரிந்துரைப்பதில்லை. தேநீர் கொடுங்கள், உறங்க விடுங்கள், வீட்டாரோடு பேச வழி செய்யுங்கள். பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

சிகிச்சைக்கு வந்தால் பதவி உயர்வு போய்விடும், பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், துப்பாக்கியைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தப் பயத்தை என் போன்றவர்கள் சொல்லித் தீர்க்க முடியாது. சிகிச்சை எடுத்துத் திரும்பி வந்தவரை மதிப்போடு நடத்தி, மேலதிகாரிகள்தான் தீர்க்க வேண்டும். மனவடுவுக்கென்றே அமைந்த பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. பெரும்பாலும் சில மாதங்களுக்குள் நல்ல முன்னேற்றம் தெரியும். மருந்து தேவைப்பட்டால் நாம் முதலில் எழுதுவது பழக்கத்துக்கு அடிமையாக்காத வகையைத்தான். பால்மாத் தட்டைக் கண்டு ஒதுங்கிய அந்த மனிதருக்குப் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாக இருந்தது. படிப்படியாகத்தான் கடைக்குள் போனார். முதலில் வாசல், பிறகு காசு கொடுக்கும் மேசை, கடைசியாக அந்தத் தட்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற தோரணையில் பேச்சு வந்தால், நெருக்கமான பொருட்களை யாருக்காவது கொடுக்கத் தொடங்கினால், கடன்களை அவசர அவசரமாகத் தீர்த்தால், சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அன்றைக்கு அவர் துப்பாக்கியைப் பொறுப்பெடுக்கும் கடமைக்குப் போகக் கூடாது. நம்பிக்கையான ஒரு மேலதிகாரியிடமோ சக உத்தியோகத்தரிடமோ சொல்லி அதைத் தடுத்துவிட்டு, வைத்தியசாலைக்குக் கூட்டிவாருங்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இல் இருந்து குற்றமல்ல. வழக்கு வரும் என்று பயந்து பொலிஸ் குடும்பங்களே மறைப்பதை இன்றும் காண்கிறேன். இரவு நேரத்தில் யாரோடு பேசுவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். தமிழிலும் பேசலாம்.