சொட்டாத கசிவு, சுடுகிற எர்த்

மதுரை ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு லாரிப் பட்டறைக்குப் பழைய சக்திமான் ஒன்றைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். ராணுவ ஏலத்தில் கைமாறிய வண்டி. சீமைக்கருவேல மரத்தடியில் இரண்டு மழைக்காலம் நின்றதில் பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. "கிளம்பவே மாட்டேங்குதுண்ணே" என்றார் வண்டிக்காரர். மெக்கானிக் பானெட்டைத் திறக்கவில்லை. "செல்ஃப் சுத்துதா, சுத்தலையா?" என்று மட்டும் கேட்டார். செல்ஃப் என்றால் என்ஜினைச் சுற்றிக் கிளப்பிவிடும் மின்மோட்டார்.

சரியான கேள்வி. பெட்ரோல் என்ஜின் ஓடும் நேரமெல்லாம் அதற்கு மின்பொறி வேண்டும். பழைய டீசலுக்கு அது தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு அமுக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் ஆலையில் ஓட்டிக் காட்டியது இதைத்தான். அந்த ஆலைதான் பின்னாளில் எம்.ஏ.என். நிறுவனமானது. அவர்களுடைய உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரான வண்டிதான் சக்திமான். ஆக, இந்த என்ஜினில் கரன்ட்டுக்கு உள்ள பெரிய வேலை முதல் சில விநாடிகள் செல்ஃப் மோட்டாரைச் சுற்றுவதுதான். அது சுற்றாவிட்டால் கோளாறு ஒயரில். சுற்றியும் பிடிக்காவிட்டால் பெரும்பாலும் டீசலில்.

இந்த வண்டியில் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஆனால் ஹார்ன் அலறியது, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. "பேட்டரி புதுசுண்ணே, லைட்டைப் பாருங்க" என்று வண்டிக்காரர் அடித்துச் சொன்னார். பலரும் ஏமாறும் இடம் இது.

ராணுவ லாரிகளில் பொதுவாக 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். ஹெட்லைட் சில ஆம்பியர்தான் இழுக்கும். செல்ஃப் மோட்டாரோ சில நூறு ஆம்பியர் கேட்கும். வழியில் ஒரு இணைப்பு துருப்பிடித்து, வெறும் 0.01 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 3 ஆம்பியர் விளக்குக்கு அங்கே தொலைவது 0.03 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 300 ஆம்பியர் போனால் 3 வோல்ட் காணாமல் போகும். அதைவிட, 3 வோல்ட்டை 300 ஆம்பியரால் பெருக்கினால் 900 வாட். கிட்டத்தட்ட ஒரு இஸ்திரிப்பெட்டியின் சூடு அந்த ஒற்றை போல்ட்டில் இறங்குகிறது.

மெக்கானிக் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டிய மீட்டர் மூன்றைத் தொட்டது. என்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் கரன்ட் பேட்டரிக்குத் திரும்ப, வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸையும் என்ஜினையும் ஒரு செம்புப் பின்னல் பட்டை இணைக்கும். பட்டறையில் அதை எர்த் என்பார்கள். அதைத் தொட்டுப் பார்த்தவர் கையை வெடுக்கென எடுத்தார். கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் செங்கல் பொடி மாதிரி துரு. உப்புத்தாளில் தேய்த்து முறுக்கியதும் செல்ஃப் கணீரென்று சுற்றியது. புது பேட்டரிக்குக் கொடுத்த காசு தண்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாட்டுப் பெட்டி 12 வோல்ட் என்பதால் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பவர்கள் உண்டு. அந்த ஒன்று மட்டும் இறங்கிப்போகும். சார்ஜ் ஏறும்போது இரண்டுக்கும் ஒரே கரன்ட்தான் என்பதால் மற்றது கொதித்துக் கெடும். கடைசியில் இரண்டும் போய்ச்சேரும்.

செல்ஃப் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை. இப்போது எல்லோரும் சைலன்சரைப் பார்த்தோம். புகையே இல்லை. வெள்ளைப் புகை வந்திருந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள்: கம்ப்ரஷன், அதாவது காற்று அமுங்கும் அளவு, குறைவு, அல்லது செல்ஃப் மந்தமாகச் சுற்றுவதால் காற்று சூடாகவில்லை. ஓடும்போது கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல்; நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. புகையே இல்லையென்றால் டீசல் வரவே இல்லை.

டேங்க் நிறைய டீசல் இருக்கிறது, பிறகு ஏன் வரவில்லை? குழாயில் காற்று புகுந்துவிட்டது; பட்டறை மொழியில், ஏர் பிடித்துவிட்டது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்க ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும், அதாவது லாரி டயரில் இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். டீசல் அமுங்காது, பம்ப் தள்ளினால் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். நடுவே காற்றுக்குமிழ் இருந்தால் பம்ப் தள்ளும்போது குமிழ் சுருங்கும், விட்டால் விரியும், அவ்வளவுதான்.

ஃபில்டர் மேலிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீடு பம்பில் உள்ள கைப்பம்பை அடித்தார்கள். முதலில் 'ஸ்ஸ்' என்று காற்று, அப்புறம் சோப்பு நுரை மாதிரி டீசல், அப்புறம் சுத்தமான டீசல். அடுத்து, இன்ஜெக்டருக்கு டீசலைத் தள்ளும் பம்பின் பக்கத்துப் போல்ட். கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்தார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வண்டி பிடித்தது. பத்து நிமிடத்தில் இருமி நின்றது. மறுபடி ஏர்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று வண்டிக்கு அடியில் தேடினால் எங்கும் ஒரு சொட்டு டீசல் இல்லை. அதுதான் துப்பு. ஃபீடு பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. அந்தப் பகுதிக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கசிகிற இடம் காய்ந்தே கிடக்கும்.

பையன் ஒருவன் கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு முழம் வெட்டி வந்தான். ஃபீடு பம்புக்கு முன்னால் அதைப் பொருத்தி ஓட்டியதும், உள்ளே கடுகு கடுகாகக் குமிழ்கள் ஓடின. டேங்கை ஒட்டிய ரப்பர் ஹோஸில், கிளாம்ப் பிடிக்கும் இடத்தில், மதுரை வெயிலில் காய்ந்து வெடித்த மயிரிழை விரிசல். ஹோஸை மாற்றி, மறுபடி ஏர் எடுத்தார்கள்.

இந்தத் தடவை அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது. போதும் என்று வண்டிக்காரர் ஏறி மெயின் சுவிட்சை அணைத்தார். டேஷ்போர்டு விளக்குகள் செத்தன. என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்த மெக்கானிக், கையை உள்ளே விட்டு ஸ்டாப்பர் கேபிளை இழுத்தார். டீசல் நின்றது, வண்டியும் நின்றது.