அம்பருக்குள் இருந்தது பறவை அல்ல, பல்லி

போன மாதம் ஒரு அம்மா பஞ்சில் சுற்றிய சங்கிலி டாலர் ஒன்றை என் நகை வேலை மேசையில் வைத்தார். தேன் நிற அம்பர், அதாவது கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்; உள்ளே முழுசாக ஒரு பல்லி. மகன் வெளிநாட்டில் வாங்கியதாம், பல கோடி வருஷம் பழையதாம். லென்ஸ் வைத்ததுமே சந்தேகம் வந்தது. நட்ட நடுவில் நான்கு காலையும் விரித்து, வரைந்து வைத்த மாதிரி கிடந்தது. பிசின் வழிந்த வரி ஒன்றுகூடத் தெரியவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு, கால் லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துக் கல்லைப் போட்டேன். அம்பர் என்றால் மிதக்கும். இது அடியில் போய் உட்கார்ந்தது. பிளாஸ்டிக்.

மிதந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். கோப்பல் என்ற இளம் பிசினும் மிதக்கும். அசிட்டோன் ஒரு சொட்டு பட்டால் அது பிசுபிசுத்துவிடும்.

கல் அசலாகவே இருந்தாலும் உள்ளே இருப்பது என்ன என்பது வேறு கேள்வி. மியான்மரில் கிடைத்த ஓர் அம்பரில், சுமார் 9.9 கோடி ஆண்டு பழைய சின்னஞ்சிறு மண்டை ஓடு ஒன்று இருந்தது. நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. கூரிய மூக்கு, பெரிய கண், உருண்ட தலை. ஹம்மிங் பறவை அளவே உள்ள, பறவை போன்ற மிகச் சிறிய டைனோசர் என்று 2020 மார்ச்சில் 'நேச்சர்' அறிவியல் இதழ் அட்டையிலேயே போட்டது. ஓகுலுடென்டாவிஸ் என்று பெயர்: கண், பல், பறவை.

எலும்பைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு உறுத்தியது. பல்வரிசை கண்ணுக்குக் கீழ்வரை நீண்டிருந்தது. பற்கள் குழியில் பதியாமல் தாடை எலும்போடு ஒட்டியிருந்தன. கண்ணைச் சுற்றிய எலும்புத் தகடுகள் கரண்டி வடிவில், பல்லிகளுக்கு இருப்பது போலவே இருந்தன. ஜூலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். 2021-இல் அதே வகை உயிரினம் உள்ள இன்னொரு அம்பரை ஆராய்ந்த கட்டுரை வந்தது. அந்தக் கல்லில் மண்டை ஓட்டுடன் உடலின் ஒரு பகுதியும் செதில்களும் இருந்தன. சந்தேகமே இல்லாமல் பல்லி. இரண்டு மண்டைகளும் பிசினுக்குள் வெவ்வேறு விதமாக நசுங்கியிருந்தன. முதலாவதில் மூக்கு ஒடுங்கிப்போய், பறவைச் சாயலைக் கூட்டிவிட்டது. பெயரில் மட்டும் பறவை நிலைத்துவிட்டது.

தவறு நடந்ததை நான் குறையாகவே நினைக்கவில்லை. ஸ்கேன் தரவு மற்றவர் கைக்கும் போனது, இரண்டாவது கல்லும் உடையாமல் இருந்தது. அதனால்தான் திருத்த முடிந்தது.

என் கவலை வேறு. இந்த அம்பர் வருவது மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து. 2017-இல் அங்குள்ள ஹுகாவ்ங் பள்ளத்தாக்குச் சுரங்கங்களை ராணுவம் கைப்பற்றியது. அங்கே போர் நடக்கிறது, ஜனங்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள். எந்தச் சுரங்கம், எந்த வருஷம் என்று கேளுங்கள். பதில் இல்லாத கல்லை வாங்காதீர்கள்.

ஏற்கெனவே கையில் உயிரினம் உள்ள அசல் அம்பர் இருந்தால் பட்டை தீட்டவோ துளை போடவோ கொடுக்காதீர்கள். முதலில் புவியியல் துறை உள்ள கல்லூரியில் காட்டுங்கள். டாலர் கொக்கிக்கு நாங்கள் போடும் துளை 1 மில்லிமீட்டர். ஓகுலுடென்டாவிஸ் பல்லியின் ஒரு பல் அதைவிடச் சிறியது.