குறைப்பது முதலில், மறுசுழற்சி பிறகு: குப்பை பற்றிய சட்டங்கள் யாரிடம் என்ன கேட்கின்றன?

'குறை, மீண்டும் பயன்படுத்து, மறுசுழற்சி செய்' என்ற வரியைப் பள்ளிச் சுவரிலும் குப்பைத் தொட்டியிலும் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் அது ஒரு நல்லொழுக்க வாசகம் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் அது சட்டம். பொருளைத் தயாரித்தவர் என்ன செய்ய வேண்டும், விற்ற கடை எதைத் திரும்ப வாங்க வேண்டும், வாங்கியவருக்கு என்ன உரிமை உண்டு, செலவு யாருடையது என்று அதில் பிரிவு பிரிவாக எழுதியிருக்கிறது. அந்தச் சட்டங்களைக் கொஞ்சம் படித்தாலே ஒன்று தெரிந்துவிடும். இந்த மூன்றும் சமமானவை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக முயல வேண்டியவை. நாம் பெரும்பாலும் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு முதல் இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் வெளியிட்ட கழிவு ஆணையில் ஐந்து படிகள் உண்டு. முதல் படி, கழிவே உருவாகாமல் தடுப்பது. அடுத்தது, பயன்படுத்திய பொருளைச் சரிபார்த்து, பழுதுநீக்கி மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. மறுசுழற்சி மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகு, எரித்து ஆற்றல் எடுப்பது போன்ற வழிகள். எதற்கும் ஆகாதது மட்டுமே கடைசியாகக் குப்பைக் கிடங்குக்குப் போகலாம். ஜப்பான் 2000-இல் இயற்றிய அடிப்படைச் சட்டமும் கிட்டத்தட்ட இதே வரிசையைத்தான் சொல்கிறது. 2004-இல் ஜி8 மாநாட்டில் 'மூன்று ஆர்' (ரெட்யூஸ், ரீயூஸ், ரீசைக்கிள்) என்ற பெயரில் இதை உலக நாடுகளின் முன் வைத்ததும் ஜப்பான்தான்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பொருள் நம் கைக்கு வருவதற்குள்ளேயே சுரங்கம், ஆலை, போக்குவரத்து என்று எவ்வளவோ ஆற்றலும் நீரும் செலவாகிவிடுகின்றன. மறுசுழற்சியில் பொருளின் மூலப்பொருள்தான் திரும்பக் கிடைக்கும். அதைச் செய்து முடிக்கச் செலவான உழைப்பும் ஆற்றலும் கிடைக்காது. அதிலும் எல்லாப் பொருளும் ஒன்றுபோல் திரும்புவதில்லை. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்கினால், தாதுவிலிருந்து எடுப்பதோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 95 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது. கண்ணாடியைத் தரம் குறையாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். காகிதத்தின் இழைகள் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே போகும். சில சுற்றுகளுக்குப் பிறகு அவை காகிதமாக ஒட்டாது. பிளாஸ்டிக்கின் நிலைமை இன்னும் மோசம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆகியிருந்தது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி 79 சதவீதம் கிடங்கிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. மறுசுழற்சித் தொட்டியில் போட்டதோடு கடமை முடிந்தது என்று நம்மால் சொல்ல முடியாமல் போவதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

குறைக்கச் சொல்லும் விதிகள்

இவை பெரும்பாலும் தடையாகவோ கட்டணமாகவோ வரும். ஒருமுறை மட்டும் பயன்படும் சில பிளாஸ்டிக் பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் தடை விதித்தது. உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் தண்டுள்ள பஞ்சுக் குச்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியாவில் இதுபோன்ற தடை 2022 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்து 2002-இலேயே பிளாஸ்டிக் பைக்கு ஒரு சிறு கட்டணம் வைத்தது. அதற்கு முன் ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 328 பைகள் போய்க்கொண்டிருந்தன. கட்டணம் வந்த பிறகு அது 21 ஆகக் குறைந்தது. பணம் பெரிதில்லை. 'பை வேண்டுமா?' என்று ஒருமுறை யோசிக்க வைத்தது, அவ்வளவுதான்.

தென்கொரியாவில் 1995 முதல், வீட்டுக் குப்பையை அதற்கென்று விற்கப்படும் பையில்தான் போட வேண்டும். நிறையக் குப்பை என்றால் நிறையப் பை, அதற்கேற்ற செலவு. பிரான்ஸ் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. விற்காமல் தேங்கிய புதிய துணி, மின்சாதனம் முதலியவற்றை நிறுவனங்கள் அழிக்கக் கூடாது என்று 2020-இல் சட்டம் போட்டு, 2022 முதல் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. புத்தம் புதுப் பொருளை யாரும் தொடாமலேயே அழித்துவிடும் வழக்கம் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது. அதைத் தடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பாட்டிலுக்கு முன்பணம்: ஒரு நல்ல ஏற்பாடு

இத்தனை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வைப்புத்தொகைத் திட்டம். பானத்தின் விலையோடு பாட்டிலுக்கோ கேனுக்கோ ஒரு சிறு தொகையையும் சேர்த்துக் கொடுக்கிறோம். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும். அது சலுகையோ பரிசோ இல்லை. நாம் கொடுத்த பணம் நமக்கே திரும்புகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971-இல் இதைச் சட்டமாக்கியது. ஒருமுறை பயன்படும் பாட்டில், கேன்களுக்கு ஜெர்மனி 2003-இல் கட்டாய வைப்புத்தொகையைக் கொண்டுவந்தது.

இது நன்றாக வேலை செய்ய இரண்டு காரணங்கள். கையிலிருந்து போன பணத்தைத் திரும்ப எடுக்க யாரும் சோம்பல்படுவதில்லை. அப்படியே ஒருவர் எறிந்துவிட்டாலும் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பார். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். மற்ற குப்பையோடு கலக்காமல் பாட்டில் தனியே வந்து சேர்கிறது. அப்படிச் சுத்தமாக வரும் பிளாஸ்டிக்கிலிருந்துதான் மறுபடி பாட்டிலே செய்ய முடியும். கலந்து அழுக்கானதிலிருந்து பெரும்பாலும் தரம் குறைந்த வேறு ஏதாவதுதான் செய்யலாம். பிளாஸ்டிக் பான பாட்டில்களில் 90 சதவீதத்தை 2029-க்குள் தனியே சேகரிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வைத்திருக்கிறது. அந்த அளவை எட்ட வைப்புத்தொகைதான் நம்பகமான வழி என்று பல நாடுகள் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன.

நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு திட்டம் இருந்தால் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். பட்டைக்குறியும் (பார்கோடு) திட்டத்தின் சின்னமும் இருக்கும் லேபிளைக் கிழிக்காதீர்கள். பட்டைக்குறியை வாசிக்கும் இயந்திரமாக இருந்தால் பாட்டிலை நசுக்கியும் கொடுக்காதீர்கள், அது எடுத்துக்கொள்ளாது. பொதுவாக ரசீது தேவைப்படாது. வாங்கிய கடையில்தான் கொடுக்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில், ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலில் பானம் விற்கும் கடை, வேறு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டிலையும் ஏற்க வேண்டும். சிறிய கடைகளுக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு உண்டு.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பணம் திரும்பக் கிடைத்தால் அந்தப் பாட்டில் கழுவி மறுபடி நிரப்பப்படுகிறது என்று அர்த்தமில்லை. வைப்புத்தொகையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பாட்டில் கழுவப்பட்டுப் பல சுற்று வருகிறது, அது மறுபயன்பாடு. இன்னொன்றில் பாட்டில் நசுக்கப்பட்டு மூலப்பொருளாகிறது; அது மறுசுழற்சி. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் நிரப்பும் பாட்டிலை எடுப்பது ஒரு படி மேல். எங்கோ தொலைவிலிருந்து கனமான கண்ணாடியாக ஏறி இறங்கி வந்தது என்றால் அந்த லாபம் குறைந்துபோகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தயாரித்தவர் பொறுப்பு

குப்பையை அள்ளுவது உள்ளாட்சியின் வேலை, அதற்கான பணம் மக்களின் வரி என்பதுதான் நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-இல் இதை மாற்றிப் போட்டார். பொருளைச் செய்து லாபம் பார்த்தவரே, அது குப்பையான பிறகும் பொறுப்பேற்க வேண்டும் என்றார். பொருளை எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பவர் அவர்தான். செலவும் அவருடையது என்றால், சுலபமாகப் பிரிக்கக்கூடிய, நீடித்து உழைக்கும் பொருளைச் செய்ய அவருக்கே ஒரு காரணம் கிடைக்கும். இந்த எண்ணத்தைத்தான் 'விரிவுபடுத்தப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்று சட்டங்கள் அழைக்கின்றன. ஜெர்மனி 1991-இல், பொருளை அடைத்து விற்கும் பெட்டி, உறை போன்ற பொதிகளுக்கு (பேக்கேஜிங்) இதைக் கொண்டுவந்தது.

நடைமுறையில், நிறுவனங்கள் தாங்கள் சந்தைக்கு அனுப்பும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் கட்டுகின்றன. சேகரிப்புக்கும் மறுசுழற்சிக்கும் அந்தப் பணம் போகிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளில், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து நிறுவனங்கள் சான்றிதழ் வாங்கித் தங்கள் இலக்கைக் கணக்குக் காட்ட வேண்டும்.

சரி, இதில் நமக்கு என்ன? கட்டணம் எப்படியும் பொருளின் விலைக்குள் வந்துவிடுகிறது. அதாவது பழைய பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கான பணத்தை வாங்கும்போதே கொடுத்துவிட்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தில், புதிய மின்சாதனம் வாங்கும்போது அதே வகைப் பழையதை ஒன்றுக்கு ஒன்று என்று கடை இலவசமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மின்சாதனங்களுக்கென 400 சதுர மீட்டருக்குக் குறையாத விற்பனை இடம் உள்ள கடை என்றால், 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பழைய கருவிகளை நீங்கள் எதுவும் வாங்காவிட்டாலும் பெற்றுக்கொள்ள வேண்டும். பழைய போன்கள் மேசை இழுப்பறைகளில் வருடக்கணக்கில் தூங்குவதற்கு இந்த உரிமை பலருக்குத் தெரியாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2022-இல் உலகில் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

ஜப்பானில் வழி வேறு. ஏசி, டிவி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கழிக்கும்போதுதான் வீட்டுக்காரர் மறுசுழற்சிக் கட்டணம் கட்டுகிறார். முன்கூட்டியே விலையில் சேர்ப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். கடைசியில் காசு கேட்டால், யாரும் பார்க்காத இடத்தில் கொண்டுபோய்ப் போடச் சிலருக்காவது தோன்றும்.

பழுதுபார்க்கும் உரிமை

இது அண்மையில்தான் சட்டப் புத்தகங்களுக்குள் நுழைந்திருக்கிறது. பிரான்சில் 2021 முதல் போன், மடிக்கணினி, டிவி போன்றவற்றை விற்கும்போது, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்றானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தின் குறிப்பிட்ட உதிரிபாகங்கள் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். 2024-இல் நிறைவேறிய ஆணை இன்னும் ஒரு படி போகிறது. உத்தரவாதக் காலத்தில் புதுப் பொருளுக்குப் பதிலாகப் பழுதுநீக்கத்தைக் கேட்டு வாங்கினால், சட்டப்படியான உத்தரவாதம் ஓர் ஆண்டு கூடும். இதை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும், வாங்கும் முன் 'பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா, உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும்?' என்று கடையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரம் பிரிப்பது

எந்தத் தொட்டியில் எது என்பது ஊருக்கு ஊர் மாறுவதால் உங்கள் உள்ளாட்சியின் பட்டியலைப் பார்ப்பதே சரி. ஆனால் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்பதற்கான உறுதி அல்ல. 1, 2 எண் உள்ள பாட்டில்களைப் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். 3, 6, 7 பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிடும். சந்தேகத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தவறான தொட்டியில் போடுவது உதவி இல்லை, அது நல்லதையும் கெடுக்கிறது. எண்ணெயும் உணவும் ஒட்டிய ஒரு டப்பா பக்கத்திலிருக்கும் காகிதத்தையெல்லாம் வீணாக்கிவிடும்.

பேட்டரியை மட்டும் எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அங்கே வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து. முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரிக்கென்று இருக்கும் சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். போனைக் கொடுப்பதற்கு முன் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதை அழித்து, சிம்மையும் எடுத்துவிடுங்கள்.

திரும்ப வாங்க வேண்டிய கடை மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் அந்தக் கேள்வியிலேயே வேலை முடிந்துவிடும், ஏனென்றால் கடையில் இருப்பவருக்கே விதி தெரிந்திருக்காது. அப்படியும் நடக்கவில்லை என்றால் உள்ளாட்சியின் கழிவுப் பிரிவுக்கும், சுற்றுச்சூழல் துறைக்கும், நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்புக்கும் புகார் அனுப்பலாம். தேதி, கடையின் பெயர், பொருள், அவர்கள் சொன்ன பதில் இவ்வளவும் புகாரில் இருந்தால் போதும்.