சோற்றைக் கைவிட்ட ஓட்டவீராங்கனை

பள்ளி அணிக்காக ஓடும் 16 வயது மாணவி ஒருவர் தம் தாயாருடன் உணவியல் நிபுணரான என்னைப் பார்க்க வந்தார். "இவளுக்கு எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது, மேடம்?" என்பதே தாயாரின் முதல் கேள்வி. நான் அதற்கு விடை சொல்லாமல், முந்தைய நாள் உண்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். காலையில் ஒரு குவளை மைலோ, பள்ளி உணவகத்தில் பாதித் தட்டு மீ (நூடுல்ஸ்), மாலைப் பயிற்சிக்கு முன் ஒன்றுமில்லை, இரவில் கோழிக்கறியும் காய்கறியும். சோறு உடம்பைக் கனக்க வைக்கும் என்று தோழியர் சொன்னதால், அதைக் கைவிட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

ஓட்டத்தை முடிக்க எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனதும், மூன்று மாதங்களாக மாதவிடாய் வராததும் பிறகுதான் தெரிந்தன. பயிற்சிக்குச் செலவானது போக எஞ்சும் ஆற்றல் போதாதபோது, உடல் தன் அடிப்படை வேலைகளையே சுருக்கிக்கொள்கிறது. எலும்பு வலுவிழக்கிறது, காயம் ஆறத் தாமதமாகிறது. 2014ஆம் ஆண்டு அனைத்துலக ஒலிம்பிக் குழு விரிவாக வரையறுத்த இந்நிலை ஆண்களுக்கும் ஏற்படுகிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. மாதவிடாய் நிற்பதைக் கடும் பயிற்சியின் இயல்பான விளைவாக ஒருபோதும் எண்ணக்கூடாது. மாணவியை உடனே மருத்துவரிடமும் அனுப்பினேன்.

நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதமான பயிற்சி செய்பவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து தேவை. 50 கிலோ எடையுள்ள இம்மாணவிக்கு அது குறைந்தது 250 கிராம். 200 கிராம் சோற்றில் இருப்பதோ சுமார் 55 கிராம்தான். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் போதும், அதை முட்டை, மீன், பருப்பு, தவ்வு (டோஃபு) ஆகியவற்றிலிருந்தே பெறலாம் என்பதால் பவுடர் பேச்சு அத்துடன் முடிந்தது.

காலையில் இரண்டு தோசையும் சாம்பாரும், பயிற்சிக்கு ஒரு மணி நேரத்திற்கு முன் வாழைப்பழமும் ரொட்டியும், இரவில் மீண்டும் சோறு என்று மூவரும் பேசி முடிவுசெய்தோம். நம் ஊரின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது என்பதால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் அடுத்த சில மணி நேரத்தில் சுமார் ஒன்றேகால் லிட்டர் நீர் அருந்தச் சொன்னேன்.

மாதவிடாய் திரும்ப ஐந்து மாதங்கள் ஆயின. ஓட்ட நேரம் அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது.

உணவியல் நிபுணரைப் பார்க்க வருவோர், பயிற்சி நாள் ஒன்றும் ஓய்வு நாள் ஒன்றும் உள்ளடங்க மூன்று நாள் உணவுக் குறிப்பையும், அருந்தும் சத்துப்பொருள்களின் டப்பாக்களையும் கையோடு கொண்டுவாருங்கள்.