சந்து: 'லேன்' வருவதற்கு முன்னே நம்மிடம் இருந்த சொல்

பழைய ஊர்களில் பெயர்ப்பலகையைப் புதுப்பிக்கும்போது 'சந்து' என்று இருந்த இடத்தில் 'லேன்' என்று எழுதிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முகவரியில் சந்து என்று போடக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. எத்தனை பொருள் பொதிந்த சொல் அது!

சந்து என்றால் முதலில் பொருத்து, இரண்டு சேருகிற இடம். உடம்பில் எலும்புகள் கூடுகிற மூட்டும் சந்துதான். சண்டை போட்ட இரு தரப்பைச் சேர்த்துவைப்பதைச் 'சந்து செய்தல்' என்றார்கள். அப்புறம் சேருகிற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்குக்கும் அதே பெயர் வந்தது. இரண்டு சுவர்களுக்கு இடையே போகிற, ஒரு தெருவை இன்னொரு தெருவோடு சேர்க்கிற குறுகிய வழி சந்து ஆனது இப்படித்தான். வடமொழி 'ஸந்தி'யோடு தொடர்புள்ள சொல்லாக இதைக் கொள்வது வழக்கம். தெலுங்கிலும் குறுகிய தெருவுக்குச் 'சந்து' என்றே பெயர். வழி அடைபட்டால் முட்டுச்சந்து. அங்கே தெருக்குத்துக்குப் பரிகாரமாக ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருப்பார்.

மதுரையில் இந்தச் சொல்லின் இடம் தெளிவாகத் தெரியும். மீனாட்சி கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சுவாமி புறப்பாட்டுக்கு உரியவை வீதிகள். சித்திரைத் தேரே மாசி வீதியில்தான் ஓடுகிறது, அவ்வளவு அகலம். ஒரு சதுரத்துக்கும் அடுத்த சதுரத்துக்கும் நடுவே மக்கள் குடியிருக்கும் தெருக்கள். அந்தத் தெருக்களை ஒன்றோடொன்று தைத்துக்கொண்டு போகிறவை சந்துகள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது ஊர் வெளியே விரிந்தது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரிலும் வீதிகள் உண்டாயின. உள்ளே இருக்கும் சந்துகளோ இன்றும் எதிரே ஒரு சைக்கிள் வந்தால் ஒதுங்கி நிற்கிற அகலம்தான்.

இதே மதுரையில் கோவலன் நடந்த வழிகளைச் சிலப்பதிகாரம் சொல்கிறது: 'மன்றமும் கவலையும் மறுகும் திரிந்து'. கவலை என்பது வழிகள் கவர்த்துப் பிரியும் இடம். மறுகு என்பது தெரு. குறுந்தெரு என்றும் பொருள் உண்டு. ஆனால் கவலை மனத்துக்கும் வரும். மறுகுதல் என்றால் சுழலுதல், கலங்குதல். 'என்காமம் மறுகின் மறுகும் மருண்டு' என்று குறள் (1139) இரண்டு பொருளையும் ஒரே அடியில் வைக்கிறது. கையில் பொருளில்லாமல், சிலம்பை விற்க வந்த ஊரில் சுற்றுகிறவனுக்கு இளங்கோ இந்தச் சொற்களைக் கொடுத்திருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சரி, 'லேன்' விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் அது முதலில் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகிற ஒடுங்கிய நாட்டுப்புறப் பாதையைக் குறித்தது. அச்சு அசலாக அந்தப் பொருளில் யாழ்ப்பாணத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஒழுங்கை. ஒழுங்கு என்றால் வரிசை. இருபுறமும் பனையோலையோ, கிடுகு என்கிற பின்னிய தென்னோலையோ வைத்து அடைத்த வேலி வரிசையாகப் போக, நடுவில் மணல் பாதை. இன்று வேலி மதிலாகிவிட்ட இடத்திலும் பெயர்ப்பலகையில் ஒழுங்கை என்றே இருக்கிறது. அங்கே யாரும் அதைச் சொல்லக் கூச்சப்படுவதில்லை.

தென்மாவட்டங்களில் இன்னொன்று, முடுக்கு. மூலை, இடுக்கு என்ற பொருளும் அதற்கு உண்டு. திருகாணியை முடுக்குகிறோமே, அந்த நெருக்கம் இதிலும் இருக்கிறது. வீடுகள் இரண்டு பக்கமும் நெருக்கி, நடுவே ஆள் மட்டும் நுழைகிற வழிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே 'லேன்' என்பதற்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல் கேட்டால் நான் ஊரைக் கேட்பேன். தெருவோடு தெருவைச் சேர்த்தால் சந்து. வீட்டுச் சுவர்கள் நெருக்கினால் முடுக்கு. வேலிக்கு நடுவே போனால் ஒழுங்கை. பலகை எழுதுகிறவர் தூரிகையை எடுக்கும் முன், அந்தத் தெருவில் இருக்கும் பாட்டியிடம் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதலாம்.