பலகணி வேறு, பால்கனி வேறு

மதுரையில் சுற்றுலா முகவர்கள் கொடுக்கும் துண்டறிக்கைகளில் ‘பலகணி அறை’ என்ற தொடரை இந்த ஆண்டில் மட்டும் நான்காவது முறையாகப் பார்த்துவிட்டேன். சொகுசுக் கப்பலில் பால்கனியோடு கூடிய அறைக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் அது. பால்கனிக்குத் தூய தமிழ் பலகணி என்று யாரோ எப்போதோ சொல்லிவைக்க, இன்று ஐயமே இல்லாமல் எல்லாரும் அதை எழுதுகிறார்கள். அது பிழை. கப்பலில் அறை பதிவு செய்யும் இடத்தில் அது கைப்பணத்தையும் பாதிக்கும் பிழை.

சொல் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கேபின் என்பது குடிசையைக் குறித்த ‘கபன்னா’ என்ற பிற்கால இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பலுக்குள் தடுத்துக் கட்டிய சிறிய அறைக்கு அது பெயரானது. தமிழில் இதற்குக் கப்பலறை என்பது போதும். இடம் விளங்குமானால் வெறும் அறை என்றாலும் போதும். ‘சிற்றறை’, ‘குடில்’ என்றெல்லாம் தேடிப் போக வேண்டியதில்லை. பால்கனி என்பது இத்தாலிய மொழியின் ‘பல்கோனே’. உத்தரத்தைக் குறித்த பழைய செருமானிய வேர் ஒன்றிலிருந்து அது பிறந்தது; சுவருக்கு வெளியே நீட்டிய உத்தரங்களின் மேல் அமைந்த தளம் என்பதே அதன் கருத்து. பலகணி என்பது பல கண்களை உடையது, அதாவது துளைகள் உள்ள சாளரம். இரண்டும் ஒலியால் ஒத்திருக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் உறவு எதுவும் இல்லை. பலகணியிலிருந்துதான் பால்கனி பிறந்தது என்று பெருமையோடு பகிர்கிறவர்கள் உத்தரத்தையும் கண்ணையும் எப்படி இணைப்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சாளரத்தைக் கண்ணாகப் பார்ப்பது தமிழின் பழைய வழக்கம். சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைச் சொல்லும்போது ‘மான்கட் காலதர்’ என்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி; மானின் கண்களைப் போன்ற துளைகளை உடைய காற்றுவழி. பலகணியும் அந்தப் பார்வையில் பிறந்த சொல்தான். கோயிற்கலை பற்றி எழுதுவோர் துளையிட்ட கற்சாளரத்தை இன்றும் பலகணி என்றே குறிக்கிறார்கள். இப்படி உயிரோடும் பொருளோடும் இருக்கிற ஒரு சொல்லை, காதுக்குப் பால்கனி போலக் கேட்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடுங்கிக் கொண்டுபோய் வேறொன்றின் மேல் ஒட்டுவது தூய தமிழ் ஆகாது. புதிய சொல்லும் கிடைக்காமல், இருந்த சொல்லும் பழுதாகிறது.

கப்பலில் இது ஏன் பெரிதாகிறது என்பதற்கு அறை வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக நான்கு வகைகள். முதலாவது கப்பலின் உட்பகுதியில் சாளரமே இல்லாமல் அமைந்த அறை, விலை குறைந்தது. இரண்டாவது வெளிச் சுவரை ஒட்டி அமைந்து, கடலைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சாளரம் உள்ள அறை. பெரும்பாலும் அந்தச் சாளரத்தைத் திறக்க முடியாது. மூன்றாவது கதவைத் திறந்து வெளியே போய் நிற்கவும் உட்காரவும் இடம் உள்ள பால்கனி அறை. நான்காவது படுக்கைக்கும் அமர்வதற்கும் தனித்தனி இடங்கள் கொண்ட, விலை மிகுந்த ஸ்யூட். ஆக, இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாடே சாளரத்துக்கும் பால்கனிக்கும் உள்ள வேறுபாடுதான். அந்த இடத்தில் போய்ச் சாளரத்தைக் குறிக்கும் சொல்லைப் பால்கனிக்குச் சூட்டினால், தமிழ் தெரிந்தவர்தான் முதலில் ஏமாறுவார்.

எங்கள் பெரியப்பா அப்படித்தான் ஏமாந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர். துண்டறிக்கையில் ‘கடல் காட்சி அறை’ என்று ஒன்றும் ‘பலகணி அறை’ என்று ஒன்றும் இருந்தன. பலகணி என்றால் சன்னல், அதற்கு எதற்கு இவ்வளவு கூடுதல் பணம், கடலையே காட்சியாகக் காணும் அறைதான் திறந்த வெளியோடு இருக்கும் என்று கணக்கிட்டுக் கடல் காட்சி அறையைப் பதிவு செய்தார். கப்பல் புறப்பட்ட மாலையில் பெரியம்மா அந்த வட்டச் சாளரத்தின் விளிம்பு முழுவதும் விரலால் தடவிக் கொண்டியைத் தேடியிருக்கிறார். கொண்டி இல்லை, அழுத்திப் பொருத்திய கனத்த கண்ணாடிதான் இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் பெரியப்பா என்னிடம், “ஏப்பா, பலகணின்னா சன்னல்தானே? நான் பிள்ளைகளுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்தேன்?” என்று கேட்டார். அவர் சொல்லிக் கொடுத்தது சரி. அறிக்கையை எழுதியவர்தான் அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

முகவர் அலுவலகத்தில் இதை எடுத்துச் சொன்னபோது அங்கிருந்த இளைஞர், “அப்ப பால்கனிக்கு என்னங்கய்யா போடுறது?” என்றார். நியாயமான கேள்வி. உப்பரிகை என்பார்கள் சிலர். அது மேல்மாடியைக் குறிக்கும் வடசொல். நிலாமுற்றம் அழகிய சொல், ஆனால் அது மாளிகையின் மேல் வானம் பார்த்துக் கிடக்கும் திறந்த முற்றம். கப்பலில் தலைக்கு மேல் அடுத்த தளத்தின் பால்கனி இருக்கும். மாடம் என்று மட்டும் சொன்னால் விளக்குமாடமும் புறாமாடமும் நினைவுக்கு வரும். ஆனால் நான்மாடக்கூடல் என்று பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு மாடத்தைக் கைவிட எனக்கு மனம் இல்லை. முகப்பில் நீண்டிருக்கும் மாடம் என்ற பொருளில் ‘முகப்புமாடம்’ எனலாம். தேர் வரும் நாளில் மாசி வீதிகளில் பழைய வீடுகளின் முன்புறம் நீட்டிக் கட்டிய மேல்தளத்தில் கைப்பிடியைப் பிடித்தபடி மக்கள் வரிசையாக நிற்பார்களே, அந்த இடத்தை நினைத்துக்கொண்டால் சொல் தானே விளங்கும். அது கூடாது என்றால் ‘பால்கனி அறை’ என்றே எழுதுங்கள். திரையரங்கில் பால்கனி டிக்கெட் எடுத்துப் பழகிய மக்களுக்கு அந்தச் சொல் புதிதன்று. மயக்கம் தரும் தமிழ்ச்சொல்லைவிட மயக்கம் தராத கடன்சொல் மேலானது என்பது என் உறுதியான கருத்து. இதைச் சொல்வதால் என்னைத் தமிழுக்கு எதிரி என்பவர்கள் பெரியம்மாவின் விரல்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

இரண்டாம் வகைக்கு இட்ட ‘கடல் காட்சி அறை’யும் நல்ல பெயர் அன்று. பால்கனியிலிருந்தும் கடல்தானே தெரிகிறது? 2009-இல் ஓடத் தொடங்கிய ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ் போன்ற பெருங்கப்பல்களில் கப்பலின் நடுவிலுள்ள பூங்காவைப் பார்த்த பால்கனிகளும் இருப்பதால், காட்சியை வைத்துப் பெயரிடுவது மேலும் குழப்பும். அறையில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லிவிடலாம்: சாளரமில்லா அறை, சாளர அறை, முகப்புமாட அறை. காலதர் என்ற சொல்மேல் எனக்குப் பெரும் ஆசை உண்டு. ஆனால் காற்றே நுழையாத கண்ணாடிக்கு அதைச் சூட்ட முடியாது. ஸ்யூட் என்பது பின்தொடர்வதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக அமைந்த அறைகள். ‘தொடரறை’ அதற்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

அதே அறிக்கையில் மற்ற இடங்களும் என்னை வருத்தின. ஸ்டேட்ரூம் என்பதை ‘மாநில அறை’ என்று பெயர்த்திருக்கிறார்கள். அங்கே ஸ்டேட் என்பதற்குப் பெருமிதம், ஆடம்பரம் என்பதே பொருள். கப்பல் தலைவரும் உயர்ந்தோரும் தங்கிய அறையைக் குறித்த பெயரை இன்று நிறுவனங்கள் எல்லா அறைகளுக்கும் வழங்குகின்றன. உயிர்காப்புப் படகு வெளியே தொங்கிப் பார்வையை மறைக்கும் அறையைத் ‘தடைசெய்யப்பட்ட காட்சி’ என்கிறார்கள். ஏதோ அரசு தடை விதித்தது போல. ‘மறைப்புள்ள சாளர அறை’ என்றால் முடிந்தது. எல்லாவற்றிலும் கேடு ‘உத்தரவாத அறை’. படிப்பவர், தான் கேட்ட அறையே உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ணுவார். உண்மையில் வகை மட்டுமே உறுதி. எந்தத் தளம், எந்த எண் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதால்தான் அது பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கிறது. அலைக்குத் தலைசுற்றும் என்பதால் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இடம் வேண்டும் என்பவர் இதைத் தொடவே கூடாது. அதற்கு ‘நிறுவனம் ஒதுக்கும் அறை’ என்று பெயர் எழுதி, எண் பின்னரே தெரியும் என்று பக்கத்திலேயே குறித்துத் தரும்படி அந்த இளைஞரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.