ஸ்ட்ரோக் என்றால் எந்த ஸ்ட்ரோக்?

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் வேலூரில் மருத்துவம் பார்க்கிற எங்களுக்கு ஒரு வாக்கியம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். “வெயில்ல ஸ்ட்ரோக் அடிச்சிடுச்சு சார்.” சொல்கிறவர்கள் பதற்றத்தில் சொல்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி என்னென்ன செய்துவிட்டு வருகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்மையில் வந்தவர் பொய்கை மாட்டுச் சந்தைக்கு மாடு ஓட்டிவந்த விவசாயி. ஐம்பதைத் தாண்டியவர். பிபி இருப்பது தெரியும், மாத்திரையை நிறுத்தி நாளாகிவிட்டது. காலை ஒன்பது மணி வாக்கில் வலது கையில் பிடித்திருந்த கயிறு நழுவியிருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நாலு பேர் தூக்கிப்போய்ப் புளியமரத்தடியில் படுக்கவைத்தார்கள். தலையில் தண்ணீர், வாயில் மோர், அப்புறம் எலுமிச்சம்பழச் சாறு. வெயில் தாழ்ந்தால் தெளிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். மாலையில் எங்களிடம் வந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது. ஊற்றிய மோர் மூச்சுக்குழலில் இறங்கி இருமிக்கொண்டிருந்தார். உடம்பில் காய்ச்சல் சூடு துளியும் இல்லை. கூட வந்த மச்சான் அப்போதும் கேட்டார்: “சன் ஸ்ட்ரோக்தான சார்?”

அது மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதம். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் மரத்தடியிலேயே கழிந்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல். ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்றால் அடி, வீச்சு. ஸ்டிரைக் என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. மட்டையாளர் பந்தை அடிப்பதும் ஸ்ட்ரோக், நீச்சலில் கை வீசுவதும் ஸ்ட்ரோக், தூரிகையின் ஓர் இழுப்பும் ஸ்ட்ரோக், கடிகாரம் மணி அடிப்பதும் ஸ்ட்ரோக். பழைய பைக்கை டூ ஸ்ட்ரோக் என்று மெக்கானிக் சொல்வது பிஸ்டன் போய்வரும் ஓட்டத்தை. பூனையின் முதுகை மெல்லத் தடவிக்கொடுப்பதற்கும் இதே சொல்தான்.

நோய்க்கு இந்தப் பெயர் வந்த கதை பழையது. நன்றாக நின்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சரிவதைப் பார்த்த பண்டைய கிரேக்கர்கள் அதற்கு ‘அப்போபிளெக்சியா’ என்று பெயர் வைத்தார்கள். அடித்து வீழ்த்துதல் என்று பொருள். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் ‘கடவுளின் கை அடித்த அடி’ என்று சொன்னார்கள். காலப்போக்கில் கடவுளும் கையும் உதிர்ந்து ‘அடி’ மட்டும் நின்றது, அதுதான் ஸ்ட்ரோக். நம் ஊரிலும் “வாதம் அடிச்சிடுச்சு”, “பாரிசவாயு அடிச்சிடுச்சு” என்றுதானே சொல்கிறோம்? யார் அடித்தது என்று தெரியாத காலத்தில் எல்லா ஊரிலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள்.

யார் அடித்தது என்பது 1658இல் தெரிந்துவிட்டது. யோஹான் யாகோப் வெப்ஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், இப்படி இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்து, உள்ளே ரத்தக் கசிவு இருப்பதைக் கண்டு எழுதினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதும் காரணமாகலாம் என்றார். அடைப்பு, கசிவு என்று இன்றைக்கும் நாங்கள் பிரிப்பது இந்த இரண்டைத்தான். ஆனால் பெயர் மாறவில்லை, பழைய ‘அடி’யே நிலைத்துவிட்டது. அதே ‘அடி’யை வெயிலுக்கும் போட்டு சன் ஸ்ட்ரோக், ஹீட் ஸ்ட்ரோக் என்றார்கள். ஆங்கிலேயருக்கு இது வேறு, அது வேறு என்று தெரியும். நமக்கு இரண்டும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. அதற்கு மேல் நாமாகவே ‘ஹார்ட் ஸ்ட்ரோக்’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். எந்த மருத்துவப் புத்தகத்திலும் அப்படி ஒரு நோய் கிடையாது.

சரி, வெயிலுக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள்.

வெயில் தாக்கினால் உடம்பு முழுவதும் கொதிக்கும். உள்சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். ஆள் குழம்புவார், உளறுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். மூளை மொத்தமாகத் தடுமாறுகிறதே தவிர, வலது பக்கம், இடது பக்கம் என்று பிரித்து விழாது. அதற்கு வைத்தியம் உடனே குளிர்விப்பது. நிழல், ஈரத்துணி, விசிறி, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அங்கே உயிர் காக்கும். அதிலும் நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பக்கவாதத்தில் அப்படி இல்லை. ஒரு பக்கம் மட்டும். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தொங்கும், ஒரு கால் இழுக்கும். பேச்சு குழறும், அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாது. சிலருக்குத் திடீரென்று பார்வை மங்கும், நிற்க முடியாமல் தள்ளாடும். உடம்பு பெரும்பாலும் சுடாது. தலையில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் அடைத்த குழாய் திறக்காது. வெயிலில் நீர்ச்சத்து வற்றி அதனாலேயே பக்கவாதம் வருபவர்களும் உண்டு. ஆகவே, வெயிலில் விழுந்தார் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விழுந்த இடத்தை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். “ஈ... காட்டுங்க” என்று சொல்லிச் சிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சற்று நேரம் பிடிக்கச் சொல்லுங்கள். பேரும் ஊரும் கேளுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ மூன்றில் ஒன்று போதும், 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு குழப்பம் ஈ.சி.ஜி. குடியாத்தம் பக்கமிருந்து ஒரு நெசவாளர் அம்மாவை அழைத்துவந்தார்கள். காலையில் தறியில் உட்கார்ந்தவருக்கு இடது கை வேலை செய்யவில்லை. ஸ்ட்ரோக் என்றதும் வீட்டார் நெஞ்சைத்தான் நினைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நார்மல். நிம்மதியாக வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு மறுநாள் வந்தார்கள். மகன் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். ஈ.சி.ஜி. காட்டுவது இதயத்தை. மூளையில் என்ன நடந்தது என்று அது சொல்லாது. கை விழுந்தவருக்கு முதலில் வேண்டியது சர்க்கரை அளவும் சி.டி. ஸ்கேனும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும், ஆகவேதான் வந்ததும் விரலில் குத்திப் பார்க்கிறோம்.

ஸ்கேன் பார்க்காமல் நாங்களே மருந்து தொடமாட்டோம். அடைப்பா, கசிவா என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. கசிவு இருக்கிறவருக்கு வீட்டில் ஆஸ்பிரினைக் கொடுத்துவிட்டு வந்தால் அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியது போல. பிபி ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து அழைத்துவருகிறார்கள், அதையும் செய்யாதீர்கள். திடீரென்று பிபியை இறக்கினால் மூளைக்குப் போகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் குறைந்துபோகும். பத்து விரலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதைச் செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போனது நேரம் மட்டும்தான்.

ஊசிக்கு நேரம் முதல் அறிகுறியிலிருந்து நாலரை மணி நேரம். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைத்திருந்தால் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு. அது வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள், ஸ்கேனில் தகுதி தெரிகிற சிலருக்கு 24 மணி நேரம் வரை. அடைப்பு நீடிக்கிற ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டிருக்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவதையும் பச்சிலையையும் பற்றி அந்த நேரத்தில் பேசவே வேண்டாம்.

இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து நோயாளிகள் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். நாம் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு மரத்தடியில் நேரத்தை விடுவது எனக்குத் தாங்கவில்லை.

“வந்துச்சு, பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு” என்கிறவர்களுக்கும் சொல்கிறேன். அதை மைல்டு ஸ்ட்ரோக் என்று பெயர் வைத்து ஒதுக்காதீர்கள். பெரியது பின்னால் வரலாம், முதல் இரண்டு நாட்களில் அந்த ஆபத்து மிக அதிகம். அன்றைக்கே வாருங்கள்.

பிபி மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மா, ஐயா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தலைவலி இல்லை என்பதால் பிபி இல்லை என்று ஆகாது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கி அலமாரியில் வைக்காமல் சாப்பிடுங்கள்.

108இல் பேசும்போது ‘ஸ்ட்ரோக்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: “இடது கை தூக்க வரல, பேச்சு குழறுது, எட்டு மணிக்கு டிபன் சாப்பிடும்போது நல்லா இருந்தார்.” கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி. தூங்கி எழும்போது இப்படி என்றால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கிற மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வாயில் தண்ணீர்கூட வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்துத்தான்.